அந்தமானுக்கு முன்னால் ஆத்தூர் அணை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகால் மணிக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஆத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினோம். எனக்கு ஓய்வு பெற்ற ஊழியர் பாஸ். என் மனைவி மரகதத்துக்கு மகளிர் இலவசம். ஆக, பஸ் செலவு பூஜ்யம். தூரம் சுமார் இருபத்திரண்டு கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்தில், ஊர் பார்க்க என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பியது இதுதான் முதல் தடவை.

நான் பஸ் டிரைவர். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் பாதிக்கு மேல் திண்டுக்கல் - கொடைக்கானல் மலைப் பாதை. ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் எனக்கு ஒரு சட்டம் இருந்தது: நான் ஓட்டும் வண்டியில் மரகதம் ஏறக் கூடாது. அவளும் கேட்டுப் பார்த்து, சண்டை போட்டுப் பார்த்து, கடைசியில் விட்டுவிட்டாள். மலை இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவள் கொடைக்கானல் ஏரியைப் பார்த்ததில்லை. அந்தக் குறை அவளுக்கு உண்டு.

இப்போது சென்னையில் இருக்கும் மகள் சுகந்தி எங்களுக்கு அந்தமானுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். வியாழக்கிழமை காலை ரயிலில் சென்னை, வெள்ளிக்கிழமை விமானம், சனிக்கிழமை போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல். நான் போனில் "சந்தோசம்மா" என்று சொன்னேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கரையே தெரியாத தண்ணீர், முகம் தெரியாத டிரைவர்! மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் வாயைத் திறந்தேன்.

"நான் வரல மரகதம். நீ வேணா போயிட்டு வா."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"போறேன். உங்கள நம்பி இன்னொரு முப்பத்தேழு வருசம் உக்காந்திருக்க என்னால ஆகாது. ஞாயித்துக்கிழமை ஆத்தூர் அணைக்குப் போவோம். பரிசல்ல ஒரு சுத்து உக்காந்து காட்டுங்க. முடியலைன்னா வீட்டுல இருங்க, நான் தனியாக் கெளம்புறேன்."

மரகதம் சும்மா பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. அவள் நடுக்கடலிலும் நான் நாகல் நகர் வீட்டில் தனியாகவும் இருப்பதை நினைத்துப் பார்த்தேன். அது இன்னும் மோசம். சரி என்றேன்.

பஸ்ஸுக்கு வருகிற வழியில் நாகல் நகரில் நான்கு எலுமிச்சம்பழம் வாங்கிப் பையில் போட்டேன். இருபத்தைந்து ரூபாய். மலையேறும்முன் தினமும் முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு பழம் வைத்து நசுக்கி வண்டியை எடுப்பது என் பழக்கம். எங்கள் டெப்போவில் பாதிப் பேருக்கு உண்டு.

செம்பட்டி வரை என் பழைய பாதைதான், ஒவ்வொரு குழியும் தெரியும். ஆனாலும் டிரைவர் ஒரு டிராக்டரை முந்தியபோது என் வலது கால் பலகையை ஓங்கி மிதித்தது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அங்க பிரேக்கு இல்லங்க," என்றாள் மரகதம்.

"அந்தாளு ஆரன் அடிக்காம ஏறுறான் பாரு!"

"செத்த நேரம் வெளிய பாருங்க. தென்னந்தோப்பு எம்புட்டு அழகா இருக்கு."

எனக்குத் தென்னை தெரியவில்லை, எதிரே வரும் லாரிதான் தெரிந்தது. ஒன்பது இருபதுக்கு ஆத்தூரில் இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டீ பன்னிரண்டு ரூபாய். அணைக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

அணை நிறைந்து கிடந்தது. பின்னால் மலை, நடுவில் பட்டுப்போன மரங்கள், அவற்றின்மேல் இறக்கையைக் காய வைத்தபடி நீர்க்காகங்கள். அழகுதான், மறுக்கவில்லை. எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் இங்குள்ள தண்ணீர்தான். வாளியில் இருந்தவரை அது என்னை ஒன்றும் செய்ததில்லை.

என்னோடு வேலை பார்த்த கண்டக்டரின் தம்பி சின்னையா இங்கே மீன் பிடிக்கிறவர். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் பரிசலோடு காத்திருந்தார். நான் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு பரிசலைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"என்னண்ணே தேடுறீங்க?"

"இதை எங்க வைக்கிறது?"

"பரிசலுக்கு ஏதுண்ணே சக்கரம்?" என்று சின்னையா சிரித்தார். மரகதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பழத்தைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஏறினேன்.

மணி பத்து. கரை கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. ஸ்டியரிங் இல்லை, கண்ணாடி இல்லை, எது முன்பக்கம் என்றே தெரியாத வட்டக் கூடை! ஒரே ஒரு துடுப்பு, அதுவும் இன்னொருவர் கையில். பட்ட மரங்களைத் தாண்டியதும் காற்று பிடித்தது. பரிசல் மெதுவாகச் சுழல ஆரம்பித்தது. மலை வந்தது, கரை வந்தது, மறுபடி மலை வந்தது. ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"நிறுத்து! நிறுத்துப்பா! நான் எறங்குறேன்!"

"எங்கண்ணே எறங்குவீங்க? இருவது அடி ஆழம்."

"மரகதம், திரும்பிருவோம். என்னால ஏலாது. நீ தனியாவே போ. எனக்குப் பயமா இருக்கு!"

சொல்லிவிட்டேன். அதுவரை என் வாயிலிருந்து வராத வார்த்தை.

"தெரியும்," என்றாள் அவள். "முப்பத்தொரு வருசமும் உங்களுக்குப் பயம்னு எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"சுகந்தி பன்னெண்டாவது படிச்சப்ப ஒருநா, முக்காடு போட்டுட்டு வத்தலக்குண்டுல உங்க பஸ்ஸுல ஏறுனேன். கடைசி சீட்டு. சின்னையாவோட அண்ணன்தான் டிக்கெட் குடுத்தாரு. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

"அடிப் பாவி! எதுக்குடி?"

"மேல எவளாச்சும் இருக்காளான்னு பாக்கத்தான். வேற எதுக்கு என்னைய ஏத்த மாட்டேங்கிறீங்க?"

சின்னையா துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேல போனதும் பஸ்ஸுக்குப் பின்னால நின்னு டீ குடிச்சீங்க. ரெண்டு கையும் நடுங்கி, பாதி டீ சட்டையில. வீட்டுக்கு வந்து கூட்டத்துல எவனோ இடிச்சுட்டான்னு சொல்லுவீங்களே, அந்தக் கறை. அன்னைக்குத்தான் வெளங்குச்சு. அதுக்கப்புறம் என்னைக்காவது ஏத்திட்டுப் போங்கன்னு கேட்டேனா?"

கேட்கவில்லை. அவள் சண்டையை நிறுத்தியது எப்போது என்று அன்றுதான் கணக்குப் போட்டேன்.

உண்மை அதுதான். ஒவ்வொரு வளைவிலும் எனக்குப் பயம். அறுபது பேர் பின்னால் இருக்கும் பயத்தையே சுமக்க முடியவில்லை, அதில் அவளும் இருந்தால் என் கை ஓடாது. அதனால்தான் அந்தச் சட்டம். அதை அவளிடம் சொல்லத் துணிவில்லாமல் முறைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

"நீ பயந்தியா, அன்னைக்கு?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குப் பயப்படணும்? அதான் எல்லாருக்கும் சேத்து ஒருத்தர் முன்னால உக்காந்து பயந்துட்டிருந்தாரே. திரும்பி மலை எறங்குறப்பத் தூங்கியே போயிட்டேன்."

பரிசல் இன்னும் சுழன்றுகொண்டுதான் இருந்தது. நான் சின்னையாவைப் பார்த்தேன்.

"ஏப்பா, உனக்குப் பயமா இருக்கா?"

"இல்லாம? நீச்சல் தெரியாத ரெண்டு பேரு உக்காந்திருக்கீங்களேண்ணே. இந்தக் காத்துல உங்களக் கரை சேக்குற வரைக்கும் உசுரக் கையில புடிச்சுட்டுத்தான் இருப்பேன்."

எல்லாருக்கும் சேர்த்துப் பயப்பட இங்கேயும் ஒருவர் இருக்கிறார். "அப்பச் சரி, இன்னொரு சுத்து போ," என்றேன். கரையேறும்போது சின்னையா காசு வாங்க மறுத்துவிட்டார். சர்பத் போட்டுக்கொள்கிறேன் என்று மூன்று பழங்களை வாங்கிக்கொண்டார். என் கைக்குள் இருந்த நான்காவது பிதுங்கிப்போயிருந்தது.

இன்று வியாழக்கிழமை, காலை ஏழரை மணி. இதைத் திண்டுக்கல் ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு பெட்டி, ஒரு கூடை, டிபன் டப்பாவில் இட்லி. பயம் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் போகவில்லை. வலது கால் இப்போதே தரையை மிதித்துக்கொண்டிருக்கிறது. மரகதம் தன் காலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, மலைப்பக்கம் பார்த்தபடி பூ வைக்கிறாள். வண்டி வருவதாக அறிவித்துவிட்டார்கள்.

"நாளைக்குப் பிளேன்ல ஏறுறப்ப அந்த டிரைவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கப் போறேன்," என்றேன் அவளிடம்.

"என்னன்னு?"

"தம்பி, உனக்குப் பயமா இருக்கான்னு."

"கேட்டுத் தொலச்சிராதீங்க, எறக்கி விட்ருவாங்க!"

இருந்தாலும் கேட்பேன். ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால், நானும் தூங்கிக்கொண்டே போவேன்.