நான் சொல்லாமல் விட்ட கேள்வி

நான்கு வருடத்துக்கு முன்பு, ஒரு நவம்பர் மாதக் காலை. மொன்றியலில் ரொக்ஸ்பரோவுக்குப் பக்கத்திலுள்ள ஒரு சிறிய கிளினிக்குக்குக் கணவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். உணவகத்தில் பாத்திரம் கழுவுகிற வேலை அவருக்கு. சவர்க்காரத் தண்ணீரில் கிடந்து இரண்டு கையும் வெடித்துத் தோல் உரிந்துகொண்டிருந்தது. அவருக்குப் பிரெஞ்சு வராது. நான் வகுப்புக்குப் போய்ப் படித்தவள். எங்கே போனாலும் அவருக்காகப் பேசுவது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

உள்ளே இருந்தது டாக்டர் இல்லை. தோல் வருத்தங்களில் மேற்படிப்புப் படித்து, மருந்து எழுதவும் விசேட வைத்தியரிடம் அனுப்பவும் அனுமதி பெற்ற ஒரு தாதி. முப்பது வயதிருக்கும். மாதக்கணக்காகக் காத்திருந்து வந்தால் நேர்ஸைக் காட்டி அனுப்பப் பார்க்கிறார்களே என்று எனக்கு எரிச்சல். ஆனால் அவள் ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தாள். என்ன கையுறை, என்ன சவர்க்காரம் என்று கேட்டாள். எந்த டாக்டரும் எங்களோடு அவ்வளவு நேரம் செலவழித்ததில்லை. பிறகு சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். பாதத்தையும் பார்க்க வேண்டுமாம்.

நான் அதைத் தமிழில் சொன்னதும் கணவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அவளோ கதிரைக்கு முன்னால் குந்தி, கையை நீட்டியபடி இருந்தாள்.

“ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ரை கையிலை காலைத் தூக்கி வைக்கிறதோ? வேண்டாமெண்டு சொல்லும்,” என்றார்.

தவறிக் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற ஆட்கள் நாங்கள். அதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வதென்று நான் தடுமாற, அவள் பொறுமையாக விளக்கினாள். எங்களைப் போலக் கறுத்த தோல்காரருக்குத் தோல் புற்றுநோய் வந்தால் உள்ளங்காலில் வருவதுதான் அதிகமாம். கறுப்பாக ஏதும் புள்ளி இருக்கிறதா என்று கேட்டாள்.

இருந்தது. இடது குதிக்காலில், மிளகளவில். கால் ஆணி என்று நினைத்து நான்தான் அதைச் சீவிச் சீவி பிளாஸ்டர் ஒட்டிவந்தேன். அந்த நோய் வெயிலில் படுத்துக் கிடக்கிற வெள்ளைக்காரருக்கு வருவது, எங்களுக்கு ஏது என்ற நினைப்பு. நேர்ஸுக்கு என்ன தெரியும் என்ற இளக்காரம் வேறு. அவள் கேட்டதை அவருக்குச் சொல்லவேயில்லை. பாதத்தை வேறு டாக்டர் பார்த்துவிட்டார், ஒன்றுமில்லை என்று அவளிடம் துணிந்து பொய் சொன்னேன். அவள் அதைக் கணினியில் பதிந்துகொண்டாள்.

கை ஆறிவிட்டது. அடுத்த வருடம் குதிக்காலில் இரத்தம் கசிந்தபோது அதே தாதியிடம்தான் போனோம். இந்தத் தடவை அவர் மறுக்கவில்லை, வலி அப்படி. அவள் காலைத் தன் மடியில் வைத்து, பூதக்கண்ணாடி பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கணினியில் பழைய பதிவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரியில் இடம் எடுத்துத் தந்தாள். ஆனால் நோய் அதற்குள் நுரையீரல் வரைக்கும் போய்விட்டிருந்தது.

கடைசி மாதத்தில் ஒரு மத்தியானம், கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன்.

“அண்டைக்கு அந்தப் பிள்ளை ஏன் காலைப் பாக்கக் கேட்டவ எண்டு உமக்கு ஏதும் சொன்னவவோ?” என்று கேட்டார்.

“இல்லை,” என்றேன்.

“அதுதானே. சொல்லியிருந்தா நான் காட்டியிருப்பன்,” என்றுவிட்டு, ஆறுதலடைந்தவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. தெரிந்தவர்கள் இப்போதும் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுகிறார்கள். போகிறேன், ஒரு சொல்லையும் விடாமல் சொல்கிறேன். ஆனால் யாருக்கு எவ்வளவு ஒழுங்காகச் சொன்னாலும், சொல்லியிருந்தால் காட்டியிருப்பேன் என்ற மனிதருக்கு நான் சொல்லவில்லை என்பது மாறப்போவதில்லை.