மொட்டைக் கிள்ளச் சொன்ன குரல்

தோட்டக்கலை படிக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், அந்தத் தெருவில் வாடிக் கிடக்கிற அத்தனை செடிக்கும் அன்றிலிருந்து நாமதான் பொறுப்பு. இதே பாடுபடுகிற தோழர்களே, தோழிகளே, இது உங்களுக்காகத்தான்.

ஸ்டூல்

வடமதுரையில் என் தாய்மாமாவுக்கு உரக்கடை. நான் கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அது எனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அந்த மூட்டை வாசத்தில் தும்மியே செத்துப்போவேன் என்று அம்மாவிடம் அழுதேன். அப்பா நடுவில் புகுந்து தீர்ப்பு சொன்னார்: ஒரு பேப்பரில் அரியர் விழுந்தாலும் படிப்பு நின்றது, அப்புறம் ஸ்டூல்தான்.

மாமா மூக்கால் பேசுவார். அந்தக் குரலில் நான் பேசிக்காட்டினால் அம்மாவே ஏமாந்து காபி போடும். அன்றைக்கு அசல் மூக்கே பேசியது: "செடி நட காலேசு எதுக்கு மாப்ள? அது பாட்டுக்கு முளைக்கும். நீ வந்து யூரியா அள்ளு."

நர்சரி டூட்டி

கல்லூரி நர்சரியில் கன்று விற்கிற வேலை எங்களுக்கு முறை வைத்து வரும். ஒரு நாள் ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் ஒட்டு மாங்கன்று கேட்டு வந்தார். நான் எங்கள் பேராசிரியர் குரலை மாட்டிக்கொண்டேன். அடிவயிற்றிலிருந்து வரும், வாக்கியத்துக்கு ஒரு 'அதாவது' போடும். அதாவது, ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலேதான் இருக்கணும். அதாவது, நட்ட அன்றைக்கே குச்சி ஊன்றிக் கட்டணும்.

மனுசர் கைகட்டிக் கேட்டார். எனக்கு மீசை முளைத்த மாதிரி இருந்தது. கடைசியில் பணிவாகச் சொன்னார்: "நல்லாச் சொன்னீங்க தம்பி. இப்ப வாத்தியாரக் கொஞ்சம் கூப்பிடுங்க, நெசந்தானான்னு கேட்டுக்கறனுங்க."

பேங்க் அண்ணன்

படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று விளக்க ஒரு சீனியரை அழைத்து வந்தார்கள். நர்சரி வைக்கலாம், விதைக் கம்பெனிக்குப் போகலாம், பரீட்சை எழுதி அரசு அதிகாரி ஆகலாம் என்று அடுக்கினார். அவர் பேங்கில் பயிர்க்கடன் அதிகாரி. வீட்டில் என்ன செடி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "கத்தாழை இருந்துச்சுப்பா. தண்ணி ஊத்த லீவு கிடைக்கல."

அதாவது

ஆளுக்கொரு செண்டுமல்லிப் பாத்தி கொடுத்திருந்தார்கள். பூ வந்தால்தான் பிராக்டிகல் மார்க். வராவிட்டால் அரியர், எனக்கு ஸ்டூல். முதல் மொட்டைக் கிள்ளிவிட்டால் செடி பக்கம் பக்கமாகக் கிளைத்து நிறையப் பூக்கும். அது ஒரு தடவைதான். மறுபடி கிள்ளினால் பூ தள்ளிப்போகும்.

கிள்ளியாச்சு. மறுபடி மொட்டும் கட்டியாச்சு. அன்றைக்கு நான் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று, "அதாவது, எல்லாரும் இன்னொரு தடவை மொட்டைக் கிள்ளுங்க" என்று சார் குரலில் ஒரு சத்தம் விட்டேன். நாலு பேர் முழிப்பார்கள், சிரிக்கலாம் என்று கணக்கு. சார் சொன்னால் ஏன் என்று கேட்கிற வழக்கம் எங்கள் வகுப்பில் கிடையாது. நான் வயிற்றைப் பிடித்துச் சிரித்து முடித்து வருவதற்குள் பாத்தியெல்லாம் மொட்டை.

என்னுடைய பாத்தியும். பக்கத்துப் பாத்தி செல்வம் கையைத் தட்டிக்கொண்டு வந்தான்: "நீ ஆளக் காணோம். சார் திட்டுவாருன்னு உன் செடியையும் நானே கிள்ளிட்டேன்டா."

மார்க்

மார்க் போடும் நாளில் தோட்டம் முழுக்கப் பச்சை. மருந்துக்கும் மஞ்சள் இல்லை. வெளியூர் தேர்வாளர், இது என்ன கீரைப் பாத்தியா என்று கேட்டார். சார் விசாரித்தார். வகுப்பே அவரைக் கைகாட்டியது. தன் குரலில் பேசுகிறவன் யார் என்று அவருக்குத் தெரியும், நேராக என்னைப் பார்த்தார்.

திட்டவில்லை. "என் குரலிலேயே உன் மார்க்கையும் சொல்லு" என்றார். அடிவயிற்றிலிருந்து எடுத்தேன்: "அதாவது, பாஸ்."

தேர்வாளர் திரும்பி நின்று சிரித்தார். சார் சிரிக்கவில்லை. பூ வரும்வரை மார்க் தள்ளிவைப்பு, அதுவரை எல்லாப் பாத்திக்கும் நான்தான் தண்ணி பாய்ச்சணும் என்றார். போகிற போக்கில் திரும்பினார்: "அது என் குரல் இல்ல. பாஸ்னு சொல்றப்ப நான் இம்புட்டுச் சந்தோசப்பட மாட்டேன்."

இரண்டு தடவை கிள்ளின செடி சும்மா பூக்குமா, கொத்துக் கொத்தாகப் பூத்து எனக்குப் பாஸ் போட்டுவிட்டது. ஆனால் மாமா அந்த ஸ்டூலை இன்னும் எடுக்கவில்லை, அடுத்த செமஸ்டர் பாத்தியில் தக்காளியாம், அதில் பார்ப்போம் என்கிறார்.