ஆயுத பூஜைக்கு நான் துடைத்த ஆங்கிள் கேஜ்

கோபப்படுவதற்கு முன் யார்மேல் கோபப்பட வேண்டும் என்று விசாரிக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. ஆறாம் வகுப்பில் பத்து நாள் அப்பாவுடன் பேசாமல் இருந்தேன். அந்தக் கோபம் மொத்தமும் என்மேல் விழ வேண்டியது என்று விளங்கப் பதினைந்து வருடம் ஆயிற்று. அவ்வளவு கூர்மையான மூளை.

திருக்கோகர்ணத்தில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மரப்பட்டறை. அந்த வருடம், மேசையே நகர்ந்து மரத்தை ரம்பத்துக்குக் கொண்டுபோகும் ஸ்லைடிங் மிஷின் வாங்கினார்கள். மரத்தைச் சாய்கோணத்தில் பிடித்துக்கொடுக்கும் ஆங்கிள் கேஜ் மட்டும் பழையது. அதன் அடியிலிருந்த இரும்புப் பட்டை புது மேசையின் காடிப் பள்ளத்தில் தொளதொளவென்று ஆடியது. வேறு வாங்கலாம் என்றார் அப்பா. சித்தப்பா கேட்கவில்லை. பட்டையின் பக்கவாட்டில், இரும்பில் குழிபோடும் பஞ்ச் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு, காடியில் போட்டு ஒரு பார்வை, மறுபடி ஒரு தட்டு. அரைநாள் வேலை. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் இரும்பு இம்மியளவு எழும்பி, பட்டை கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பக்கத்திலேயே இருந்திருந்தாலும் புரிந்திருக்காது.

ஆயுத பூஜை வந்தது. சாமான்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது என் பொறுப்பு. அம்மைத் தழும்பு மாதிரி இருந்த அந்தப் பட்டையைப் பார்க்கச் சகிக்கவில்லை. அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு, முகம் தெரிகிற மாதிரி ஆக்கினேன். அதற்கு மட்டும் மூன்று பொட்டு.

பூஜை முடிந்து முதல் வேலை, திருமயத்துக் கல்யாணச் சீருக்கு நிலைக்கண்ணாடி. தேக்குச் சட்டம். சித்தப்பா அறுத்துச் சேர்த்தார். நாலு மூலையிலும் நகம் நுழைகிற இடைவெளி. கல்யாண வீட்டார் வண்டியோடு வாசலில் நிற்க, அப்பா ஒரு சட்டத்தை உருவிக் கையில் ஓங்கியபடி கத்தினார்.

"அப்பவே சொன்னேன்ல, ஒன் ஒட்டுவேலை நாலு நாளு தாங்காதுன்னு. மூளைய அடகு வச்சிட்டுத்தான் வேலைக்கு வாரியா?"

சித்தப்பா கேஜை எடுத்து, பட்டையை விரலால் தடவினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆதரவு கேட்கிறார் என்று நினைத்து நான் விறைப்பாக நின்றேன்.

"என் தப்புதாண்ணே." பட்டறைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவர், குளத்தூரில் வேறு பட்டறையில் சேர்ந்தார். திரும்பவே இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பாவின் செருப்பில் ஒன்றைச் சாக்கடையில் போட்டேன். அவர் இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் தேடியதைப் பார்த்தும் ஆத்திரம் தீரவில்லை. அவர் இருக்கும்போது சோற்றைத் தொடமாட்டேன். அவர் போனதும் மூன்று தோசை. நியாயத்துக்காகப் பட்டினி கிடப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

போன மாதம் பட்டறையில், அப்பா அப்புறம் வாங்கிய கேஜ் உடைந்துபோக, மூலையில் கிடந்த பழையதை எடுத்து மாட்டினேன். ஆடியது. கூட வேலை செய்கிறவர் பஞ்ச் உளியை எடுத்துப் பட்டையில் தட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு தட்டும் என் மண்டையில் விழுந்தது.

அன்றே குளத்தூருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். பட்டையைத் தடவியபோதே தெரிந்திருக்குமே, ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று அவர்மேலேயே எகிறவும் செய்தேன்.

"ஒங்கப்பன் கையில தேக்குக் கட்டைல்ல இருந்துச்சு."