காலில் விழும் காட்சி

ஸ்கூடாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், எங்கள் பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டோம். ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரர் மகனான எனக்கு ராஜா வேஷம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியாரின் மகனுக்குக் காவலாளி வேஷம். கடைசிக் காட்சியில் காவலாளி ராஜாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஒத்திகை பார்க்க வந்த கிராணியாருக்கு முகம் கறுத்துவிட்டது.

"கூலிக்காரன் மகன் கால்ல என் மகன் விழுறதா?"

"நாடகந்தானுங்களே ஐயா," என்றார் வாத்தியார்.

"காலையில பெரட்டுல ஆள் எண்ணும்போது இவன் அப்பன் என்னை மதிப்பானா?"

வாத்தியார் என் காகிதக் கிரீடத்தைக் கழற்றி அவர் மகனுக்கு வைத்தார். ஈட்டி என் கைக்கு வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாடகத்தன்று அந்தக் காட்சியில் நான் விழவில்லை. ஈட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"விழுடா, அப்பா பாக்குறாரு," என்று கிசுகிசுத்தான் புது ராஜா. நான் அசையவில்லை. வாத்தியார் அவசரமாகத் திரையை இழுத்து மூடினார்.

மறுநாள் காலை, ஆட்களை வரிசையாக நிறுத்தி எண்ணும் பெரட்டில் கிராணியார் என் அப்பாவை முன்னால் அழைத்தார்.

"உன் மகன் விழல. நீ விழு."

வேலை போய்விடுமே என்று அப்பா விழுந்தார். வாத்தியாரும் அங்கேதான் நின்றிருந்தார்.

கிராணியார் அப்படித்தான் என்று தோட்டத்துக்கே தெரியும். வாத்தியாரைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. மேடையில் அவ்வளவு வேகமாகத் திரை இழுத்தவர், என் அப்பா விழுந்தபோது சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.