எங்கள் கல்யாண ஃப்ளெக்ஸில் இல்லாத வரி

போன வாரம் ராமேஸ்வரம் பஸ் உச்சிப்புளியில் நின்றபோது, ஜன்னலுக்கு நேரே ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ். கூலிங்கிளாஸ் போட்ட மாப்பிள்ளை, சுற்றிலும் கூட்டாளிகள், அடியில் ‘சிங்கம் சிக்கியது’. “இதெல்லாம் ஒரு வரியா?” என்றாள் பக்கத்திலிருந்த என் மனைவி செல்வி. எனக்கு வயிறு எரிந்தது. அவள் யாருடைய வரிகளோடு ஒப்பிட்டாள் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன் நாங்கள் இருவரும் ராமநாதபுரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்த்தோம். புது ஃப்ளெக்ஸின் மை நெடி மூக்கில் ஏறினால் மத்தியானச் சோறு இறங்காது. மாப்பிள்ளையைக் கிண்டலடித்துக் கூட்டாளிகள் ஃப்ளெக்ஸ் வைக்காவிட்டால் எங்கள் பக்கம் அது கல்யாணத்திலேயே சேர்த்தியில்லை. ஆர்டர் எடுப்பது செல்வி. படம் வெட்டி ஒட்டுவது நான். வரி எழுதுவது தங்கச்சிமடத்து அமலன். அவன் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் படகில் ஏறினால் வாந்தி. அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் எனக்கு அவனைப் பிடிக்கும்.

மற்றபடி அவன் பேனாவை எடுத்தாலே எனக்கு ஆகாது. ‘பந்தியில் குறை சொல்பவன்தான் பாயசத்தை மறுபடி கேட்பான்.’ ‘அந்தக் காலம் பொற்காலம் என்பவன், அந்தக் காலத்திலும் புலம்பிக்கொண்டுதான் இருந்தான்.’ ‘முதல் காதலியை மறக்க முடியாது என்பவன், அவள் புருஷனை இன்னும் பார்க்கவில்லை.’ செல்வி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் மண்டையை உடைத்துக்கொண்டு ஒன்று எழுதினேன்: ‘இல்லறம் நல்லறமாக வாழ்த்துகிறோம்.’ யாரும் சிரிக்கவில்லை.

என்னை அவள் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவாள். அவனை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள், “இங்கன பாருங்க” என்பதோடு சரி. பொறாமைப்பட இதற்குமேல் என்ன வேண்டும்? பிறகு முதுகுளத்தூரிலிருந்து எங்கள் அய்யா விசாரித்து, செல்வி எனக்கு முறைப்பெண் என்று கண்டுபிடித்தார். அண்ணே என்பதை அவள் நிறுத்தக் கொஞ்ச நாளானது. அமலனை நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் அமலன் வைத்த ஃப்ளெக்ஸில் எங்கள் படமும் பெயரும் மட்டும் இருந்தன. ஊருக்கெல்லாம் எழுதியவன் எங்களுக்கு எழுதவில்லை.

“ஏன்டா, வரியக் காணோம்?”

“ஏலே, உனக்கு எதுக்கு வரி? அதான் அவளே வந்துட்டாளே!” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

பஸ் கிளம்பியது. இத்தனை வருஷம் அடக்கியதை அன்றைக்குக் கேட்டேவிட்டேன். “நம்ம கல்யாணத்துக்கு அமலன் ஏன் ஒண்ணுமே எழுதல?”

“எழுதுனாரு. நாந்தான் எடுக்கச் சொன்னேன்.”

“என்னன்னு எழுதியிருந்தான்?”

“அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகமிருக்கு?” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது.

அந்தக் கடை இப்போது செல்போன் கடை. அமலன் குவைத்துக்குப் போனவன் திரும்பவில்லை. கல்யாண வரிகளை இப்போது பையன்கள் போனிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். இதெல்லாம் போனதில் எனக்கு நிம்மதிதான். அந்த ஒரு வரி போனதைத்தான் தாங்க முடியவில்லை. என் கல்யாணத்துக்கு எழுதிய வரி அது. அதைப் படித்தவர்கள் இரண்டே பேர். அதில் நான் இல்லை.