செத்துப் பிழைப்பவர்

எங்கள் தெருவில் 'செத்தவர் வீடு எது?' என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் என் எதிர்வீட்டைக் காட்டுவார்கள். டிவி தொடர்களில் சாவதுதான் அவர் வேலை. குண்டடி, விஷம், லாரி மோதல், எதுவானாலும் ஒரே டேக். "நெஞ்சு அசையக் கூடாதுக்கா. மூச்ச வயித்துல விடணும். கேமரா முகத்தத்தான் பாக்கும்" என்று என்னிடம் பெருமையடிப்பார். பிழைக்க எத்தனையோ வழி இருக்க, இந்த மனுஷன் தலையில் மட்டும் செத்துப் பிழை என்று எழுதியிருந்தது.

அவர் மகளை நாங்கள் குட்டி என்போம். மூன்று வயதில், அப்பா சுடப்பட்டு விழுவதை முதன்முதலாக டிவியில் பார்த்தபோது அவள் அழுத அழுகையில் மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. அதற்கு மருந்தாக அவரும் மனைவியும் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். தான் சாகும் காட்சி வரும்போது அவர் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். திரையில் விழுந்ததும் "வந்துட்டேன்!" என்று குதிப்பார். தாயும் மகளும் கைதட்டுவார்கள்.

நாளடைவில் டிவியில் யார் செத்தாலும் குட்டி கைதட்ட ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சலாக வரும். "பச்சப் பிள்ளைக்கு இதெல்லாம் வேணுமா?" என்று கேட்டால் அவள் அம்மா சிரிப்பாள். சலவைக்கடையில் நாள் முழுக்க இஸ்திரி போட்டுவிட்டு வருகிறவள். "விடுங்கக்கா, அழாம இருக்காளே, அது போதும்."

அந்த அம்மாதான் போன மழையில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். உயிரில்லாமல் வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். குட்டி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அம்மாவின் வயிற்றையே உற்றுப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் ஓடினாள்.

"அப்பா, அம்மா சூப்பரா பண்றா. வயிறுகூட அசையல!"

கைதட்டப்போன அந்தச் சின்னக் கைகளை நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பாழாய்ப்போன டிவிப் பெட்டியை அன்றைக்கே போட்டு உடைத்திருக்க வேண்டும்.

அதன்பிறகு அவள் டிவி முன்னாலேயே கிடந்தாள். அவர் ஷூட்டிங் போகும் நாளெல்லாம் அங்கேயே உட்கார்ந்து நான்தான் சோறு ஊட்டினேன். ஒவ்வொரு தொடர் முடிந்ததும் எழுந்து போவாள், கதவுக்குப் பின்னால் பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்காருவாள். பெற்ற வயிறு இல்லை என்னுடையது, ஆனாலும் பற்றி எரியும்.

ஒரு மாலை அவருக்குப் பொறுக்கவில்லை. டிவியை நிறுத்திவிட்டு அவள் முன்னால் மண்டியிட்டார்.

"குட்டிம்மா, அப்பா பண்றது நடிப்புடா. அம்மா நெஜமாவே செத்துட்டா. இனிமே வர மாட்டா."

குட்டி அழவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"உனக்கு மட்டும் தெரியுதுல்ல? திரும்பி வர்றது எப்படின்னு அம்மாவுக்கு ஏன்ப்பா சொல்லித் தரல?"

அவர் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். குட்டி சட்டையை விடாமல், பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.