அண்ணன் முதலில் இறங்கிய டெஸ்ட்

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் அப்பா, அம்மா, மாமா, நான் என்று நான்கு பேர் இருந்தோம். அண்ணன் இல்லை. வள்ளத்து என்ஜினுக்கு மண்ணெண்ணெய் வாங்கக் கேனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான். அவன் எத்தனையாவதாக மட்டை பிடிப்பது என்பதை அவன் இல்லாமலே முடிவு செய்ய நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் என்றால் பெரியவர்கள் மூன்று பேர். எனக்கு அப்போது பதினொரு வயது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கடியப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கடற்கரை எங்களுடையது. எங்கள் ஊர் அணி வருஷத்துக்கு ஒரு தடவை பூதப்பாண்டிப் பக்கத்து வயல்காட்டு ஊர் அணி ஒன்றோடு சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆடும். இரண்டு அணிக்கும் இரண்டிரண்டு இன்னிங்ஸ். ஐந்து நாள் ஆட எவனுக்கும் லீவு கிடையாது என்பதைத் தவிர மற்றபடி அது டெஸ்ட்தான், டெஸ்ட் என்றுதான் சொல்லுவோம். அம்மாவின் தம்பியான மாமா சவுதியிலிருந்து திரும்பியபோது கையில் இருந்ததில் பெரும்பகுதியை பேட், பேடு, கிளவுஸ், பிட்சில் விரிக்கும் கயிற்றுப்பாய் என்று இந்த அணியில் போட்டிருந்தார். அதனால் அவர் கேப்டன். பேட் அவருடையது என்பதால் முதலில் இறங்குவதும் அவர்தான். இப்படி ஒரு விதியை யாரும் எழுதிவைக்கவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை.

அண்ணன் ஆறாவது. அவனுடைய ஆட்டத்தைப் பார்த்துக் கொடுத்த இடமல்ல அது, எங்கள் வள்ளம் கரைக்கு வரும் நேரத்தைப் பார்த்துக் கொடுத்த இடம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி போனால் சனிக்கிழமை கரையேற ஒன்பதரை ஆகிவிடும். மீனை இறக்கிவிட்டு, உப்புக் காய்ந்து வெளுத்த காலோடு அவன் மைதானத்துக்கு ஓடி வரும்போது நாலு விக்கெட்டாவது போயிருக்கும். அப்படியே பேடைக் கட்டிக்கொண்டு உள்ளே போவான். அவன் ஆடுவதைப் பார்க்கத் தென்னந்தோப்பு ஓரம் ஆள் சேரும். முப்பது, முப்பத்தைந்து எடுத்திருப்பான். அதற்குள் மறுபக்கம் நிற்க ஆளில்லாமல் இன்னிங்ஸ் முடிந்துவிடும். ஸ்கோர் நோட்டு என் கையில்தான் இருந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் அவன் பெயருக்கு நேரே ‘நாட் அவுட்’ என்று எழுதி எனக்கே அலுத்துப்போயிருந்தது.

அந்த வருஷம் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற ஒருவர் எங்கள் டெஸ்டைப் பார்க்க வருவதாக மாமாவுக்கு போன் செய்திருந்தார். பழைய பந்தை அடிக்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள், உங்கள் பையன் புதுப்பந்துக்கு நிற்பானா என்று பார்க்க வேண்டும் என்றாராம்.

“அதனாலயாக்கும் அத்தான் வந்தேன். அவன மொதல்ல எறக்கணும். வெள்ளிக்கெழம ராத்திரி அவன் கடலுக்குப் போவப்புடாது” என்றார் மாமா.

அப்பா மரச்சீனிக் கிழங்கை மீன்குழம்பில் தோய்த்துக்கொண்டே கேட்டார்: “மொதல்ல எறங்குனா என்ன, ஆறாமத்து எறங்குனா என்ன? அடிக்கிற பந்து ஒண்ணுதானலே?”

“ஒண்ணுதான். ஆனா காலையில அது வேற பந்தாக்கும். கேட்டியளா?”

“காலையில வேற, மத்தியானம் வேறயா? ராத்திரி அது தேங்காயா ஆயிருமோ?”

மாமா பந்தின் பளபளப்பு, காற்று, தையல் என்று விளக்கிப் பார்த்தார். அப்பா கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் மீன் சருவப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாதான் அதை முடித்துவைத்தாள்.

“காலையில சந்தைக்குக் கொண்டு போற அயில மீனும் மத்தியானம் கொண்டு போற அயிலயும் ஒண்ணா? அயில அதேதான். வெல கேக்க ஆளு வாறது காலையிலயாக்கும். எம்பிள்ளய எப்பவும் மத்தியானத்துக்கே கொண்டு வச்சா எவன் வந்து கேப்பான்?”

“ஏட்டி, நீ எப்பம் கிரிக்கெட்டு படிச்ச?”

“மீனு வித்துப் படிச்சேன்.”

அப்பா கையைக் கழுவினார். “நாலு பேரு இழுக்கிற வலையாக்கும். அவனுக்குப் பதிலு ஆரு வருவா? நீ வாறியா மாப்பிளே?”

வள்ளத்தில் கால் வைத்தால் மாமாவுக்கு வாந்தி வரும். சவுதிக்குப் போனதே அதனால்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்தாள். அப்பா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை.

“செரி. வெள்ளிக்கெழம மூணு பேரு போறோம்” என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, “அப்பம் நீ எத்தனாமத்துலே?” என்று மாமாவிடம் கேட்டார்.

“ஆறாமத்து” என்றார் மாமா, இருக்கிற சொத்தையெல்லாம் எழுதிக்கொடுக்கிறவர் போல. கொஞ்ச நாளுக்கு முன்னால்தான், நடுவரிசையில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருவரை ஒரு டெஸ்டில் முதலாவதாக இறக்கியதற்காக டி.வி.யைப் பார்த்து, “நல்லா ஆடுகவன ஏம்லே எடம் மாத்துகிய?” என்று கத்தியிருந்தார் அவர்.

அண்ணன் வந்து, விஷயத்தைக் கேட்டு, கேனைக் கீழே வைத்தான். முதலில் அவன் கேட்டது, “அப்பம் வலை?” என்றுதான்.

“வலைய நாங்க பாத்துக்கிடுவோம். நீ பந்தப் பாரு” என்றார் அப்பா.

சனிக்கிழமை காலையில் கயிற்றுப்பாயை விரித்து நான்கு மூலையிலும் ஆணி அடித்தார்கள். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர் ஸ்கூட்டரில் வந்து தென்னை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டாஸில் ஜெயித்து அண்ணன் முதல் ஆளாக உள்ளே போனான். உப்பில்லாத காலோடு அவனை மைதானத்தில் பார்க்க யாரோ வெளியூர்க்காரனைப் பார்ப்பது போலிருந்தது. முதல் பந்தை விட்டான். இரண்டாவதைத் தடுத்தான். மூன்றாவது மட்டையின் ஓரத்தில் பட்டுக் கீப்பர் கைக்குப் போனது.

“ஏலே, கரையில காலு நிக்கலியோ? வள்ளம் கொண்டாந்து தரட்டா?” என்று வயல்காட்டு அணியில் ஒருவன் சத்தம் போட்டான். நான் சைபர் எழுதினேன். நாற்காலிக்காரரும் சின்ன நோட்டில் ஏதோ எழுதினார். டீ குடித்தார். மத்தியானத்துக்கு முன்பே ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். தொண்ணூற்று நாலு ரன்னில் எங்கள் ஆட்டம் முடிந்தது. அதில் இருபத்திரண்டு மாமாவுடையது. தேய்ந்த பந்து அவருக்கு நன்றாக ஒத்துப்போனது.

பதினொரு மணிக்கு அப்பா மைதானத்துக்கு வந்தார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததே இல்லை. சட்டை நனைந்திருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் கயிறு அறுத்த சிவப்புக் கோடு.

“அவன் எங்க மக்கா?”

“அவுட்டுப்பா.”

“எப்பம்?”

“மூணாமத்து பந்துல.”

“மூணு பந்தா?” என்று சொல்லி என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தனக்குத்தானே சிரித்தார். என்ன மீன் என்று கேட்டேன். ஒன்றும் படவில்லை என்றார்.

சாயங்காலம் கரையில் எல்லாருடைய வலையும் காய்ந்துகொண்டிருந்தது, எங்களுடையதைத் தவிர. “நம்ம வலை எங்கப்பா?” என்றேன். “கழுவக் குடுத்திருக்கு மக்கா” என்றார் அப்பா. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வயல்காட்டு அணி நூற்று முப்பது எடுத்திருந்தது. பொழுது அடையும் முன் மாமா வீட்டுக்கு வந்தார். “நாளைக்கு அவன் பழயபடி ஆறாமத்து எறங்கட்டும் அத்தான். அந்த ஆளும் போயிட்டாரு. பயலுக்க மானம் போனது போதும்” என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, எங்கே இறக்கினாலும் சரி என்றான்.

“அவன் மொதல்லதான் எறங்கணும்” என்றார் அப்பா.

“ஒரு எடத்துல வலை போட்டு ஒண்ணும் படலன்னா நீங்க எடம் மாத்த மாட்டியளா?”

“எடத்த மாத்துவேன். வலை போட்டவன ஒரே நாளையில மாத்த மாட்டேன்” அப்பாவின் குரல் உயர்ந்துவிட்டது. “மூணே மூணு பந்துக்காலே அவன இஞ்ச விட்டுட்டுப் போனேன்? இன்னொரு மட்டம் எறக்கு. அதுலயும் போனாமுன்னா திங்கக்கெழம எங்கூட வரட்டும்.”

மூன்று நாள் முன்பு பந்தைத் தேங்காய் என்றவர், முதலாவது இடத்துக்காக மச்சினனிடம் சண்டை பிடிப்பதை நான் வாயைப் பிளந்து பார்த்தேன். ஒரே நாளில் அப்பாவுக்குக் கிரிக்கெட் பிடித்துவிட்டது என்று சந்தோஷமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்துதான் ஆட்டம். ஸ்கூட்டர் மறுபடியும் வந்தது. மாமா ஓடினார்.

“மூணு பந்துல போனவனப் பாக்கவா சார் வந்திய?”

“அந்த மூணாவது பந்து கடைசியிலதான் திரும்பிச்சு” என்றார் அவர். “வேற பையன்னா மட்டையிலயே பட்டிருக்காது. இவன் கடைசி வரைக்கும் பார்த்தான், அதான் பட்டுச்சு. இன்னிக்கும் மொதல்ல இறக்குறீங்கல்ல?”

“பொறவு? அதுல என்ன சார் மாத்தம்?” என்றார் மாமா, கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

முதல் அரைமணி நேரத்தில் அண்ணன் எடுத்தது நாலே ரன். அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“ஏம் மக்கா அடிக்க மாட்டங்கான்?”

“வெளிய போற பந்த விடணும்ப்பா.”

“விட்டா என்ன கெடைக்கும்?”

“ஒண்ணும் கெடைக்காது.”

“பொறவு எதுக்கு?”

“நிக்கலாம்.”

அப்பா மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அண்ணன் விடுகிற ஒவ்வொரு பந்துக்கும், “விடு, விடு, போவட்டு” என்று முணுமுணுத்தார். வெயில் ஏறியது. பந்து பளபளப்பை இழந்தது. முதல் நாள் அண்ணனை அவுட்டாக்கிய உயரமான பந்துவீச்சாளன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அப்புறம்தான் அண்ணன் அடிக்கத் தொடங்கினான். நேராக இரண்டு, சர்ச் மதில் பக்கம் மூன்று பவுண்டரிகள். அவனைச் சத்தம் போட்டுக் கேலி செய்தவன் தென்னந்தோப்புக்குள் பந்து தேடிக்கொண்டிருந்தான். எழுபத்து மூன்றில் கேட்ச் கொடுத்தான் அண்ணன். மறுபக்கம் மாமா நின்றார், அவருக்குப் பின்னாலும் இறங்க ஆள் இருந்தது. அவன் பெயருக்கு நேரே நான் ‘அவுட்’ என்று எழுதும்போது கரையே கை தட்டியது.

மொத்தம் நூற்று எழுபத்தொன்று. அவர்கள் ஜெயிக்க நூற்று முப்பத்தாறு வேண்டும். ஏழு விக்கெட்டுக்கு நூற்றொன்று இருக்கும்போது, இனி ஒரு நிமிஷமும் நிற்க முடியாது என்று அவர்கள் வந்த வேனின் டிரைவர் ஹாரன் அடித்ததால் டெஸ்ட் டிரா ஆனது. ஸ்கூட்டர்க்காரர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த மாதப் பயிற்சி முகாமுக்கு வரச் சொன்னார்.

அண்ணன் முகாமுக்குப் போனான், மாவட்ட அணிக்குப் போனான். இப்போது சென்னையில் ஒரு கம்பெனி அணியில் ஆடுகிறான், அங்கேயே வேலை. இன்றைக்கும் முதலாவதாகத்தான் இறங்குகிறான். அவன் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் வீட்டில் ஒருவன் கல்லூரிப் படியேறினான், அது நான்.

அந்தத் திங்கட்கிழமையும் வலை கழுவி வரவில்லை. அப்பா இரண்டு மாதம் அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார். எங்கள் வலையைக் கழுவக் கொடுத்திருக்கிறது என்று நான் வகுப்பில் சொல்ல, பையன்கள் சிரிக்க, ஒருவனை அடித்ததற்காக முட்டிபோட்டேன். கடற்கரையில் பிறந்து, கடலிலேயே கிடக்கிற வலையை யாரோ கழுவித் தருவார்கள் என்று நம்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கல்லூரியில் சேர்ந்த வருஷம்தான் அண்ணன் சொன்னான். அந்த வெள்ளிக்கிழமை வலை கடலுக்கடியில் பாறையில் மாட்டிக்கொண்டதாம். நாலு பேர் இருந்தால் இருவர் வள்ளத்தைப் பின்னால் செலுத்த, இருவர் வலையைத் தூக்கி எடுத்துவிடலாம். மூன்று பேரால் முடியவில்லை. வள்ளம் சாயத் தொடங்கியதும் அப்பா வலையை அறுத்து விட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வேன் கிளம்பிப் போகும்வரை அதை அண்ணனுக்குத் தெரியவிடவில்லை.

புது வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு எல்லாமாக முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய்.